முப்பத்தோரு படிகளும் ஒரு கண்ணும்

என் மனைவியின் வலது கண்ணில் புரை முற்றிவிட்டது என்று டாக்டரம்மா சொன்னபோது எனக்குப் பெரிய பயம் ஒன்றும் வரவில்லை. அடுத்து அவர் சொன்ன ஒரு வார்த்தைதான் பயமுறுத்தியது.

"ஆபரேஷன் என்று பெரிதாக நினைக்க வேண்டாம். சின்ன ப்ரொசீஜர்தான்," என்றார் ஹிந்தியில்.

மனைவி நிம்மதியாகத் தலையை ஆட்டினாள். நான் நாற்காலி நுனிக்கு வந்துவிட்டேன். நான் வேலை செய்யும் இடத்தில் அந்த வார்த்தையை யாரும் சிரித்துக்கொண்டு சொல்வதில்லை.

நாங்கள் இருப்பது புனேயில், கட்கியில். எங்கள் ஆலையில் என்ன செய்கிறோம் என்று வெளியே சொல்லக்கூடாது. அதைத் தப்பாகத் தொட்டால் ஷெட்டுக்குக் கூரை இருக்காது என்பது வரைக்கும் சொல்லலாம். அதை நாங்கள் உருப்படி என்போம். ஒவ்வொரு உருப்படிக்கும் ஒரு ப்ரொசீஜர் உண்டு. பிளாஸ்டிக் உறை போட்ட மஞ்சள் அட்டை, ஆணியில் தொங்கும். அதில் ஒன்று, இரண்டு, மூன்று என்று படிகள். வேலைக்கு இரண்டு பேர். ஒருவர் அட்டையைப் படிப்பார், மற்றவர் அதைத் திருப்பிச் சொல்லிவிட்டுச் செய்வார், செய்ததும் "ஆச்சு" என்பார். படித்தவர் டிக் போடுவார். டிக் விழாமல் அடுத்த படிக்குப் போனால் இரண்டு பேரும் வீட்டுக்குப் போக வேண்டியதுதான்.

இருபத்திரண்டு வருடமாக நான் படிப்பவன். பத்தாவதுக்கு மேல் படிக்காதவனுக்கு இப்படி ஒரு வேலை கிடைத்தது என் அதிர்ஷ்டம். எனக்குக் கூச்சம் அதிகம். கல்யாணப் பந்தியில் குழம்பு கேட்க வெட்கப்பட்டு வெறும் சோற்றைத் தின்றுவிட்டு எழுந்திருக்கிறேன். பஸ்ஸில் "இறங்கணும்" என்று சொல்லத் தயங்கி இரண்டு நிறுத்தம் தள்ளி இறங்கி நடந்து வந்திருக்கிறேன். ஆனால் அட்டையைக் கையில் கொடுத்தால் என் குரல் ஷெட்டின் அந்தக் கோடிவரை கேட்கும். அது என் பேச்சு இல்லையே, அட்டையின் பேச்சு.

எங்கள் ஷெட்டில் இன்னும் இரண்டு விதிகள் உண்டு. முதல் விதி, யாருக்காவது ஏதாவது தப்பாகப் பட்டால் "ருக்!" என்று கத்தலாம். நில் என்று அர்த்தம். கத்தியவர் பெரிய அதிகாரியா, கூட்டுகிறவரா என்று பார்க்கக்கூடாது. கேட்டவர்கள் எல்லோரும் இருந்த இடத்திலேயே இரண்டு கையையும் தூக்கி நிற்க வேண்டும். இருபத்திரண்டு வருடத்தில் நான் ஒரு தடவைகூடக் கத்தியதில்லை.

இரண்டாவது விதி சுவரிலேயே எழுதியிருக்கும். இடது, வலது என்பது உருப்படியைப் பார்த்து நிற்பவருடைய இடது, வலது. உருப்படிக்குச் சொந்தமாகக் கையா இருக்கிறது, அதன் இடது எது, வலது எது என்று கேட்க?

டாக்டரம்மா அந்த வார்த்தையைச் சொன்ன அன்று, வீட்டுக்கு வந்ததும் மகளிடம் கேட்டேன். அவள் மகர்பட்டாவில் ஒரு கம்பெனியில் வேலை செய்கிறாள். பிறந்தது வளர்ந்தது எல்லாம் இங்கே என்பதால் அவள் தமிழ், வண்டி பள்ளத்தில் இறங்கி ஏறுவது போல வரும்.

"அப்பா, ஆபரேஷன்னா... கட் பண்றது. ப்ரொசீஜர்னா எல்லாமே. பல்லு புடுங்கறது, பிளாஸ்டர் போடறது, ட்யூப் உள்ள விட்டு பாக்கறது. மாத்திரை குடுத்தா ட்ரீட்மென்ட். பாடிக்கு கைய வெச்சு ஏதாச்சும் பண்ணா ப்ரொசீஜர்."

"அப்ப உங்கம்மா கண்ணை வெட்ட மாட்டாங்களா?"

"வெட்டுவாங்க. குட்டியா. பட் ப்ரொசீஜர்னு சொன்னா யாருக்கும் பயம் வராது இல்ல?"

அவள் பள்ளிக்கூடத்தில் வாங்கிய ஆங்கில-தமிழ் அகராதி பரணில் கிடந்தது. தூசி தட்டிப் பார்த்தேன். ஒன்றைச் செய்வதற்கென்று வரிசைப்படுத்தப்பட்ட படிகள் என்று இருந்தது. அப்படிப் பார்த்தால் எங்கள் ஆலைதான் சரி. எங்களுக்குப் படிகள்தான் ப்ரொசீஜர். ஆஸ்பத்திரிக்காரர்கள் படிகளையெல்லாம் தங்களிடமே வைத்துக்கொண்டு, அந்தப் படிகளால் நம் உடம்புக்கு நடக்கப்போவதற்கு அந்தப் பெயரை வைத்துவிட்டார்கள். படிகள் இருக்கின்றன என்று பெயரிலேயே ஒப்புக்கொள்கிறார்கள். அப்படியானால் அட்டை எங்கே?

இந்தக் கேள்வி என்னைத் தூங்கவிடவில்லை. என் மனைவி வீட்டில் உட்கார்ந்து புடவைக்கு ஃபால் தைத்து, ஓரத்துக்குப் பிகோ போட்டுக் கொடுக்கிறாள். வலது கண் மூடியது மாதிரி ஆகி ஒரு வருடமாக எல்லாவற்றையும் இடது கண்தான் பார்க்கிறது. "இந்த ஒரு கண்ணு நல்லா கீற வரைக்கும் எனக்குக் கவலை இல்ல," என்பாள். அந்த நல்ல கண்ணுக்கு ஒன்றும் ஆகக்கூடாது. கெட்ட கண் தெளிய வேண்டும். எனக்கு வேண்டியது அவ்வளவுதான்.

தைரியத்தையெல்லாம் திரட்டிக்கொண்டு ஆஸ்பத்திரி கவுன்டருக்குப் போனேன். முன்னால் நின்றவர்கள் எல்லோரும் போகும் வரை காத்திருந்து, பின்னால் வந்த மூன்று பேருக்கும் வழிவிட்டு, கடைசியில் கேட்டேன்.

"மேடம், ப்ரொசீஜர் அட்டை ஒரு காப்பி கிடைக்குமா?"

"எந்த அட்டை?"

"படிகள் எழுதியிருப்பது. ஒன்று, இரண்டு..."

அந்தப் பெண் என்னை இரக்கத்தோடு பார்த்து ஒரு துண்டுத் தாளை நீட்டினார். தலைக்குக் குளித்துவிட்டு வரவும், நகை வேண்டாம், கூட ஒருவர் வரவும். மூன்றே வரி. குக்கர் வாங்கினால்கூட அதைவிடப் பெரிய புத்தகம் தருகிறார்கள்.

அதனால் நானே எழுதிவிடுவது என்று முடிவு செய்தேன்.

ஆலையில் நான் படிக்கப் படிக்கச் செய்கிறவர் பக்கத்துக் கட்டிடத்தில் குடியிருக்கிறார். அவர் குடும்பமும் எங்களைப் போல வேலூர்ப் பக்கம்தான். ஆனால் அவர் பிறந்தது இங்கே. என்னைவிட எட்டு வயது சின்னவர். என்னை அண்ணா என்பார், மனைவியை அண்ணி என்பார். விஷயத்தைச் சொன்னதும் கண்ணில் வெளிச்சம் வந்துவிட்டது அவருக்கு.

"அண்ணா, டென்ஷனே வேணாம். அண்ணிக்கு நம்ம ஸ்டைல்ல ஒரு ப்ரொசீஜர் போட்ருவோம். நீங்க படிங்க, நான் செய்றேன்."

இரண்டு பேரும் உட்கார்ந்து ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க எழுதினோம். வீட்டில் எழுந்திருப்பதிலிருந்து மாலை திரும்பி வந்து படுப்பது வரை முப்பத்தோரு படிகள். ஆலை அட்டையைப் பார்த்துப் பழகிய கை, நடை அப்படியே வந்துவிட்டது. மஞ்சள் அட்டை கிடைக்கவில்லை. மகளின் பழைய நோட்டு அட்டையின் பின்பக்கம் எழுதி, மளிகைக் கடைப் பிளாஸ்டிக் உறையில் போட்டு, காலண்டர் ஆணியில் மாட்டினேன்.

அன்றைக்கே ஒத்திகை. மனைவியை மேஜைமேல் படுக்கச் சொன்னோம். நான் சுவரோரம் நின்று படித்தேன்.

"படி பதினேழு. உருப்படியை மேஜைமேல் மெதுவாகக் கிடத்து."

"உருப்படியை மேஜைமேல் மெதுவாகக் கிடத்துகிறேன்," என்றார் அவர், தோளைப் பிடித்துக்கொண்டு.

மனைவி எழுந்து உட்கார்ந்துவிட்டாள். "இன்னாங்க, யாரு உருப்படி?"

"அது ஒரு பழக்கத்துல வந்துடுச்சி. படு."

"கட்டுனவள உருப்படின்னு எழுதி ஆணியில மாட்டி வெச்சிக்கீறாரு இந்த மனுசன். நான் இன்னா குண்டா, வெடிக்கிறதுக்கு?"

"அண்ணி, பேசாதீங்க. படி கெட்டுடும்," என்றார் நண்பர், ஸ்பூனை ஊசி மாதிரி பிடித்துக்கொண்டு.

"நீ அந்த ஸ்பூன மொதல்ல கீழ வை. ஊறுகா ஸ்பூன் அது. கண்ணுக்கிட்ட கொண்டாந்தே, அப்புறம் நெஜமாவே ஆஸ்பத்திரிதான்."

இப்படி ஒவ்வொரு படிக்கும் அவள் ஏதாவது சொல்லிக்கொண்டே இருந்தாள். மகள் வாசற்படியில் உட்கார்ந்து வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். எனக்குப் பொறுமை போய்விட்டது. பேனாவை எடுத்து நான்காவது படிக்குக் கீழே இருந்த இடத்தில் நுணுக்கி எழுதினேன். "நோயாளி பேசக்கூடாது." அதை அவளுக்குச் சத்தமாகப் படித்தும் காட்டினேன். அவள் முந்தானையைச் சரிசெய்துகொண்டு படுத்தாள். "சரி," என்றாள். அதற்குப் பிறகு ஒத்திகை முடியும் வரை ஒரு வார்த்தை பேசவில்லை. முப்பத்தோரு படியும் அழகாக முடிந்தது. இப்போது நினைத்தால் அந்தச் "சரி"யில் நான் கொஞ்சம் எச்சரிக்கையாக இருந்திருக்க வேண்டும்.

அந்த நாள் வந்தது. மகளுக்கு அன்று விடுமுறை கிடைக்கவில்லை. ஐந்தாவது படியின்படி, புரை விழுந்த கண்ணுக்கு மேலே நெற்றியில் நீல மார்க்கரால் ஓர் அம்புக்குறி போட வேண்டும். நான் மனைவிக்கு எதிரே நின்று அட்டையைப் படித்தேன்.

"படி ஐந்து. இடது கண்ணுக்கு மேல் அம்பு."

"இடது கண்ணுக்கு மேல் அம்பு," என்று சொல்லி, நண்பரும் அவளுக்கு எதிரே நின்று தன் இடது கைப் பக்கமாக இருந்த கண்ணுக்கு மேல் அம்பு வரைந்தார். "ஆச்சு."

சரியான கண்தான். புரை விழுந்த கண்தான். இரண்டு பேரும் இருபது வருடமாக உருப்படிக்கு எதிரே நின்றவர்கள். எங்கள் இடது அவளுடைய வலது என்பது எங்கள் இரண்டு பேர் மண்டையிலும் ஏறவே இல்லை. நாங்கள் எழுதினோம், நாங்கள் படித்தோம், நாங்கள் செய்தோம், எல்லாம் சரியாகவே வந்தது. மூன்றாவது ஆள் ஒருவர் அந்த அட்டைப் பக்கம் வராத வரைக்கும் அதில் பிழையே கிடையாது.

ரிக்ஷாவில் போனோம். வழி நெடுக சிக்னலில் நின்றவர்கள் எல்லாம் என் மனைவியின் நெற்றியைப் பார்த்தார்கள், பிறகு அம்பு காட்டும் திசையில் கீழே ஏதோ இருக்கிறதோ என்று பார்த்தார்கள்.

கவுன்டரில் ஒரு படிவம் கொடுத்தார்கள். எல்லாம் ஆங்கிலம். பெயர், வயது, விலாசம் எழுதினேன். அதன் கீழே எந்தக் கண் என்று இரண்டு கட்டம். நான் அட்டையைப் பார்த்தேன். எழுதியிருப்பதை யோசிக்காமல் படிப்பதுதானே என் பழக்கம். இடது என்ற கட்டத்தில் டிக் போட்டு, கீழே கையெழுத்தும் போட்டேன். பதினோராவது படி முடிந்தது என்று நண்பரிடம் சொன்னேன். அவர் "ஆச்சு" என்றார்.

மனைவிக்குப் பச்சைக் குல்லா, பச்சை அங்கி போட்டு உள் வராந்தாவில் ஒரு பெஞ்சில் உட்கார வைத்தார்கள். அவளோடு இன்னும் ஐந்து பேர், எல்லோரும் வயதானவர்கள், எல்லோரும் ஒரே மாதிரிப் பச்சை. கண்ணாடிக் கதவுக்கு இந்தப் பக்கம் நாங்கள். நர்ஸ் வந்து என் மனைவியின் நெற்றியைப் பார்த்தார்.

"இது யார் போட்டது? ஹோலியா ஆடிவிட்டு வந்தீர்கள்?" என்று கேட்டுவிட்டு, ஸ்பிரிட் பஞ்சால் அம்பைத் துடைத்து எடுத்தார். பிறகு கையிலிருந்த படிவத்தைப் பார்த்து, ஒரு வட்டமான ஸ்டிக்கரை உரித்து ஒட்டினார். ஆறு பேரில் யாருக்கு எந்தக் கண்ணோ அதற்கு மேல் ஸ்டிக்கர். கையில் சொட்டு மருந்துக் குப்பி. கண் பாவையை விரிக்கிற மருந்து. எந்தக் கண் விரிகிறதோ அந்தக் கண்தான் உள்ளே போகும்.

நான் கண்ணாடி வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தேன். முதலில் ஒன்றும் தோன்றவில்லை. பிறகு ஏதோ பிசகியிருப்பது போல இருந்தது. ஸ்டிக்கர் எனக்கு வலது பக்கம் இருந்தது. அட்டையில் இடது.

நல்ல கண்.

நர்ஸ் வரிசையின் முதல் ஆளுக்குச் சொட்டு விட்டார். என் மனைவி நான்காவது. நான் வாயைத் திறந்தேன், காற்றுதான் வந்தது. கதவைத் தட்டலாமா என்று நினைத்தேன். தட்டினால் எல்லோரும் திரும்பிப் பார்ப்பார்கள். நர்ஸுக்குத் தெரியாததா எனக்குத் தெரியப்போகிறது என்று ஒரு பக்கம் தோன்றியது. நண்பரைச் சொல்லச் சொல்லலாம் என்று திரும்பினால், அவர் வராந்தாக் கோடியில் அரை டம்ளர் டீயான கட்டிங் சாயும், பன்னுக்குள் வடை வைத்த வடாபாவுமாக வந்துகொண்டிருந்தார். இரண்டாவது ஆளுக்கு ஆயிற்று. மூன்றாவது ஆளுக்கு ஆயிற்று. என் மனைவி முகத்தை அண்ணாந்து காட்டினாள். எவ்வளவு நம்பிக்கையாகக் காட்டினாள்! சொட்டு குப்பியின் வாயில் வந்து தொங்கியது.

"ருக்!"

யார் கத்தியது என்று நானும்தான் தேடினேன். கண்ணாடி அதிர்ந்தது. என் இரண்டு கையும் தலைக்கு மேலே இருந்தன. வராந்தாக் கோடியில் நண்பர் சிலை மாதிரி நின்றார், இரண்டு கையும் மேலே, ஒரு கையில் சாய், ஒரு கையில் வடாபாவ். சாய் சட்டைக் கைக்குள் இறங்கி முழங்கை வழியாகச் சொட்டியது, ஆனாலும் அவர் அசையவில்லை. பெஞ்சில் இருந்த ஆறு பேரில் ஐந்து பேர், என்னவோ திருட்டு நடக்கிறது போலிருக்கிறது என்று நினைத்தோ என்னவோ, தாங்களும் கையைத் தூக்கிவிட்டார்கள். வாட்ச்மேன் ஓடி வந்தார். எங்களைப் பார்த்து ஒரு கணம் யோசித்து அவரும் பாதி தூக்கினார்.

தூக்காதது நர்ஸும் என் மனைவியும்தான்.

"என்ன ஆயிற்று?" என்று நர்ஸ் கதவைத் திறந்தார்.

"தப்பான கண்," என்றேன். குரல் பழையபடி தேய்ந்துவிட்டது.

"இடது என்று எழுதியிருக்கிறதே? இது யார் கையெழுத்து?"

படிவத்தைக் காட்டினார். என் கையெழுத்து. நான் அட்டையைக் காட்டினேன். தமிழில் எழுதியது அவருக்கு எப்படிப் புரியும்? "எங்கள் இடது," என்றேன். "உங்கள் இடது இல்லை. எதிரே நின்று பார்த்தால் வருகிற இடது." சொல்லச் சொல்ல எனக்கே எல்லாம் விளங்கியது, காது சூடாகியது. வாட்ச்மேன் கையை இறக்கினார்.

சத்தம் கேட்டு டாக்டரம்மா வந்தார். தன் ஃபைலைப் பிரித்து, அதில் வலது என்று தானே எழுதியிருப்பதைப் பார்த்தார். என்னைத் திட்டவில்லை.

"நல்ல வேளை கத்தினீர்கள். ஆனால் பயப்பட வேண்டாம். எங்களுக்கும் படிகள் இருக்கின்றன. மேஜையில் படுக்க வைத்த பிறகு ஃபைலைப் பார்ப்போம், பேஷன்ட்டையும் எந்தக் கண் என்று கேட்போம். அவர் வாயால் சொன்ன பிறகுதான் கை வைப்போம்," என்று மெதுவாகச் சொன்னார். பிறகு என் மனைவியிடம் குனிந்து, "எந்தக் கண் அம்மா?" என்று ஹிந்தியில் கேட்டார்.

என் மனைவி திரும்பி என்னைப் பார்த்தாள்.

"சொல்லேன்," என்றேன்.

"சொல்லலாமா?"

"கேக்கறாங்க இல்ல, சொல்லு."

"நாலாவது படியில பேசக்கூடாதுன்னு எழுதிக்கீதே."

டாக்டரம்மா இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார். நான் கதவைத் தாண்டி அவள் அருகே போனேன். "உள்ள கேட்டிருந்தா இன்னா சொல்லியிருப்ப?" என்றேன்.

"இன்னா சொல்றது? நீங்க எழுதனதுக்கு மேல நான் இன்னா பேசறதுன்னு தலைய ஆட்டியிருப்பேன். டாக்டர் எது கேட்டாலும் நான் தலையதான ஆட்டுறேன்."

சொல்லிவிட்டு வலது கையைத் தூக்கி, வலது கண்ணுக்கு நேராக, குல்லாவின்மேல் ஒரு விரலை வைத்தாள். "இது. ஒரு வருசமா இதுதான் தெரியல. யாராவது என்ன ஒரு வார்த்த கேட்டீங்களா?"

முப்பத்தோரு படி எழுதினோம். எழுந்திருப்பது, குளிப்பது, ரிக்ஷா பிடிப்பது, செருப்பை எங்கே விடுவது எல்லாம் அதில் இருந்தது. அவளை ஒரு வார்த்தை கேட்பது இல்லை. உருப்படியை யாரும் கேட்பதில்லை, அதனால்.

நர்ஸ் ஸ்டிக்கரை உரித்து மாற்றி ஒட்டினார். எனக்குப் புதுப் படிவம் கொடுத்தார்கள். இந்தத் தடவை அட்டையைப் பார்க்காமல் மனைவியைப் பார்த்தேன். அவள் கையைப் பார்த்து டிக் போட்டேன். அரைமணி நேரம்கூட ஆகவில்லை, கண்ணில் ஒரு பிளாஸ்டிக் மூடியோடு வெளியே வந்தாள். "வலிக்கவே இல்ல, மேல வெள்ளையா ஒரு லைட்டு, அவ்ளோதான்," என்றாள். நண்பரின் சட்டைக் கையைப் பார்த்து, "இது இன்னா, உனக்கும் ப்ரொசீஜர் ஆச்சா?" என்று கேட்டாள்.

மறுநாள் மூடியை எடுத்தார்கள். வீட்டுக்கு வந்ததும் முதல் வேலையாகக் காலண்டர் ஆணிக்குப் போனாள். அட்டையை எடுத்து வலது கண்ணுக்கு நேராகப் பிடித்து, முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை நின்றவாக்கில் படித்தாள். அவ்வளவு நாளும் நான் படித்துத்தான் அவள் கேட்டிருந்தாள். "உருப்படி" வந்த ஒவ்வொரு இடத்திலும் என்னை நிமிர்ந்து பார்த்தாள். பதினான்கு இடம். பிறகு அட்டையைத் தன் தையல் மெஷின் டிராயருக்குள் வைத்துக்கொண்டாள். திருப்பித் தரவில்லை.

சொட்டு மருந்து ஒரு நாளைக்கு ஆறு வேளை என்று தாள் கொடுத்திருந்தார்கள். அதை அவளே கையில் வைத்துக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்தாள். குப்பியை என்னிடம் நீட்டினாள்.

"இனிமே நான் படிக்கறேன், நீங்க செய்ங்க. கைய சோப்பு போட்டுக் கழுவு."

"கையை சோப்பு போட்டுக் கழுவுகிறேன்," என்று சொல்லிவிட்டுப் போய்க் கழுவி வந்தேன். "ஆச்சு."

"குப்பிய நல்லா குலுக்கு."

"குப்பியை நல்லா குலுக்குகிறேன். ஆச்சு."

அவள் முகத்தை அண்ணாந்து காட்டினாள். பிறகு தாளை இறக்கிவிட்டு, "எந்தக் கண்ணு?" என்றாள்.

நான் குப்பியோடு அவளுக்கு எதிரே நின்றேன். நாக்கு நுனி வரை ஒரு பதில் வந்தது. அதை விழுங்கிவிட்டு, குனிந்து, அந்தக் கண்ணை விரலால் காட்டினேன்.

"ம்," என்றாள். "விடு."